ராஜபாய் டீச்சரின் பூம்பொடி

பாறசாலைக்குத் தெற்கே புன்னைவிளை என்ற ஊரில் ராஜபாய் டீச்சருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதை ஊரார் சொல்லவில்லை, டீச்சரே சொன்னாள். மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் இயற்கை விஞ்ஞானம் நடத்தினாள். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த கடைசி மாப்பிள்ளை சட்டையில் ஒரு பூவைச் செருகியிருந்தாராம். பூவின் தாவர வகையை மனதில் வைத்து, அது எந்தக் குடும்பம் என்று இவள் கேட்க, தன் குடும்பத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் பாட்டனார் பெயரிலிருந்து ஆரம்பித்தாராம். இப்படி ஒரு பேச்சு ஊரில் உண்டு. அவளுடைய அக்கா செல்லபாய் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

செல்லபாய் புருஷனை இழந்து தங்கையோடு வந்து சேர்ந்தவள். வீட்டையும் அடுக்களையையும் தங்கையின் பெருமையையும் அவள்தான் சுமந்தாள். மூன்றில் கடைசிதான் கனம் அதிகம்.

கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா விட்டுச்சென்ற பித்தளை மைக்ராஸ்கோப்பு ராஜபாயிடம் இருந்தது. மார்த்தாண்டத்தில் நடந்த தேனீ வளர்ப்பு வகுப்புக்கு அவள் போனாள். இரண்டாம் நாளே வாத்தியாருக்குப் பாடம் எடுத்துவிட்டு, சில தேன்பெட்டிகளோடு திரும்பி வந்தாள். பெட்டிகளைப் பின்புறத்தில் கொல்லா என்கிற முந்திரிமரங்களுக்குக் கீழே வைத்தாள். ஊரில் மற்றவர்கள் தேனுக்காகத் தேனீ வளர்த்தார்கள். ராஜபாய் காலுக்காக வளர்த்தாள்.

தேனீ பூவிலிருந்து பூம்பொடியை வழித்து, உருண்டையாக்கி, பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு கூட்டுக்கு வரும். பெட்டியின் வாசலில் சிறு துளைகள் போட்ட ஒரு தகரப்பட்டையை டீச்சர் அடித்துவைத்தாள். தேனீ நெருக்கி நுழையும்போது காலில் இருக்கும் உருண்டை வெளியே விழும். அதைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். ஒவ்வொரு செடியின் பொடிக்கும் ஒரு முகம் உண்டு. தென்னையின் பொடி நடுவில் கீறல் விழுந்த சின்னப் படகு. தொட்டாவாடி என்கிற தொட்டாற்சுருங்கியின் பொடி நான்கு நான்காக ஒட்டிப் பிறந்த மணல். பூசணியின் பொடி முள் முளைத்த பந்து. முதலில் மரத்திலும் செடியிலும் நேராகப் பறித்த பூவின் பொடியைப் பார்த்து வைத்துக்கொள்வாள். பிறகு தேனீ கொண்டுவந்ததை அதனோடு ஒப்பிடுவாள். தேனீ எங்கே போய்விட்டு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

தெரிந்ததோடு நின்றிருக்கலாம். பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறி, "எந்தத் தேனீச்சக்க காலக் காட்டினாலும் அது எந்தப் பூவில இருந்து வருதுண்ணு நான் சொல்லுவேன்" என்று சவால் விட்டாள். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்த செல்லபாய் மட்டும் தலையில் கைவைத்தாள்.

அது எல்லைச் சண்டையின் காலம். திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் தென் தாலுகாக்கள் தமிழ் பேசுகின்றன, அவற்றைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு கட்சி. ஒரு பிடி மண் தரமாட்டோம் என்று இன்னொரு கட்சி. புன்னைவிளை இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அந்தக் கோரிக்கையில் இருந்தது. புன்னைவிளைக்காரர்கள் அடுக்களையில் தமிழும் சர்க்கார் கச்சேரியில் மலையாளமும் சண்டையில் இரண்டும் பேசிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள். திடீரென்று ஒவ்வொருவருக்கும் தாய்மொழி ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று ஆயிற்று. டில்லியிலிருந்து கமிஷன் வரப்போகிறது, மனுக் கொடுக்கவேண்டும் என்று ஊரே பரபரத்தது.

தமிழ்க் கட்சிக்கு ஊரில் செயலாளர் ஜெயசிங். பத்திரம் எழுதுகிற தொழில். வீட்டு வாசலில் உட்கார்ந்து மலையாளத்தில் பத்திரம் எழுதி அந்தக் காசில் தமிழுக்காகப் போராடினார். மறுகட்சியின் தலைவர் மோகனன். நெல் குத்தும் மில் வைத்திருந்தார். மில்லுக்கு வருகிறவர்களிடம் தமிழில் கூலி வாங்கிக்கொண்டு, மாலையில் மலையாளத்தில் கர்ஜிப்பார்.

மாவும் கொல்லாவும் பூத்திருந்த நாளில் ஜெயசிங் டீச்சரிடம் வந்தார்.

"டீச்சரே, மனுவில ஒரு விஞ்ஞான ஆதாரம் வேணும். நம்ம ஊரு ஈச்ச தமிழ் பூமியிலதான் தேனெடுக்குதுண்ணு நீங்க எழுதித் தரணும்."

"ஈச்ச தென்னையில எடுக்குது."

"அது தமிழ்த் தென்னையாக்கும்."

அடுத்த வாரம் மோகனன் வந்தார். அவருக்கும் அதே ஆதாரம்தான், ராஜ்யம் மட்டும் வேறு. ராஜபாய் இருவரையும் விரட்டியிருக்கவேண்டும். ஆனால் தன்னைத் தேடி இரண்டு கட்சிகள் வந்துவிட்டன என்பது அவளுக்குப் பலகாரம்போல இருந்தது. "ரெண்டுபேரும் அவங்க அவங்க தோட்டத்துத் தெங்கும்பூ கொண்டாருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இருவரையும் வரச்சொன்னாள்.

வந்தார்கள். இரண்டு பூவின் பொடியையும் தனித்தனிக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒவ்வொன்றாக வைப்பதுபோலக் காட்டினாள். ஜெயசிங் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, தன்னுடையது கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்றார். மோகனன் பார்த்துவிட்டு, தன்னுடையதற்குத்தான் வடிவு அதிகம் என்றார்.

"நீங்க ரெண்டுபேரும் பாத்தது ஒரே பொடி. கண்ணாடித் துண்டை நான் மாத்தவே இல்ல" என்றாள் ராஜபாய்.

இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினார்கள். அவர்கள் போனபின் அவள் தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எண்ணிச் சிரித்தாள். இரண்டு பகையை ஒரே காலையில் சம்பாதித்தோம் என்று தோன்றவேயில்லை.

மழைக்காலம் வந்தது. இந்தப் பக்கத்தில் மழை தேனீக்குப் பஞ்சகாலம். பூ குறையும், கூட்டில் சேர்த்த தேனும் கரையும். எல்லாருடைய பெட்டிகளும் மெலிந்தன. ராஜபாயின் பெட்டிகள் மட்டும் மெலியவில்லை. தகரப்பட்டையின் கீழ் தினமும் உருண்டைகள் விழுந்தன. எடுத்துப் பார்த்தாள். தென்னையல்ல, தொட்டாவாடியல்ல. உருண்ட பொடி, மேலே வலை பின்னியதுபோல வரிகள். அவள் அதை முன்னே பார்த்ததில்லை.

அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஊர் அறிய விட்ட சவால் இருந்தது. அதைவிட, தனக்குத் தெரியாதது ஒன்று தன் கொல்லைக்கே நாள்தோறும் வந்து இறங்குகிறது என்ற அவமானம். சோறு இறங்கவில்லை.

"ஒரு பொடிக்காக எவளாவது பட்டினி கிடப்பாளா?" என்றாள் செல்லபாய். "ஈச்சக்கு வயிறு நெறஞ்சா போராதா?"

"எக்கா, உனக்கு ஒந்நும் புரியாது."

"புரியாததுனாலதான் நான் மூணு நேரமும் திங்கியேன்."

தேனீ கூட்டிலிருந்து ஒரு மைலுக்கு மேல் அதிகம் போகாது. ஆகவே அந்த ஒரு மைலுக்குள் இருக்கும் பூவையெல்லாம் பறித்துப் பார்ப்பது என்று புறப்பட்டாள். பள்ளி விட்டதும் குடையும் தோளில் பையுமாக, பையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களுமாக வீடுவீடாகப் போனாள். கோயில் நந்தவனம், சர்ச் கல்லறை, கிணற்றடி, குளக்கரை எதையும் விடவில்லை. அவள் வேலிக்குள் எட்டிப் பார்த்தால் சனங்கள் கதவைச் சாத்தினார்கள். எந்த மரம் எந்த ராஜ்யத்துக்கு என்று கமிஷனுக்குக் கணக்கெடுக்கிறாள் என்று ஒரு வதந்தி. மோகனனின் மில்லில் அது பிறந்தது என்று ஜெயசிங்கும், ஜெயசிங்கின் வாசலில் பிறந்தது என்று மோகனனும் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆகஸ்டு மாதம் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். அதுவரை மைக் பிடித்தவர்கள் பலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். மைக்கையே பார்த்திராத கூலிக்காரர்கள் அடிவாங்கினார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று தடை வந்தது. புன்னைவிளையில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் கட்டி விட்டுப்போன பழைய பங்களா உண்டு. உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் உள்ள அந்த இடத்தில் மழைக்கு முன்பே ரிசர்வ் போலீஸ் முகாம் போட்டிருந்தது. இப்போது அந்த ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை.

ஒரு மைலுக்குள் ராஜபாய் பார்க்காமல் மீதியிருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே போகக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் சாயங்காலம் மழை விட்டபோது, தேனீக்கள் அந்த மதிலுக்கு மேலே போவதும் வருவதுமாக இருப்பதைக் கண்டுவிட்டாள். கீழே கிடந்த கல்லின்மேல் ஏறி, மதிலில் மோவாயை வைத்து உள்ளே பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு துப்பாக்கியும் அதற்குப் பின்னால் ஒரு போலீஸ்காரனும் அவளைப் பார்த்தார்கள்.

பையைக் கொட்டியபோது கண்ணாடிக் குழாய்கள் உருண்டன. எல்லாவற்றிலும் மஞ்சள் மஞ்சளாகப் பொடி. இவளை அப்படியே சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டு நிறுத்தினார்கள். அவர் வடக்கேயிருந்து வந்தவர்; இந்த ஊரின் மழையையும் மொழியையும் மனிதர்களையும் ஒரே அளவில் வெறுத்தார். ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எந்தாணு இது?"

"பூம்பொடி."

"பூம்பொடியோ? வெடிமருந்தோ?"

"வெடிமருந்துக்கு இப்பிடியா மணம் இருக்கும்? மோந்து பாருங்க சார்."

மோந்து பார்த்தார். அடுக்கடுக்காகத் தும்மினார். பக்கத்தில் நின்ற இரண்டு காவலர்கள் பின்வாங்கி ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். விஷயம் மோசமானது.

மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தால் நிரூபிக்கிறேன் என்றாள் ராஜபாய். ஆள் போய்ச் சொல்ல, செல்லபாய் அந்தப் பித்தளைச் சாமானைத் தன் சர்ச் சேலையில் சுற்றிக் குழந்தைபோல ஏந்தி வந்தாள். வந்ததும் சப்-இன்ஸ்பெக்டரை அவள் கவனிக்கவில்லை.

"நான் அப்பமே சொன்னேன். ஈச்சக்க காலப் பிடிச்சிட்டு நடந்தா போலீசு உனக்க கையப் பிடிக்கும்ணு."

தங்கை அதைக் கேட்கவில்லை. முன்கட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கொடி தூணிலிருந்து ஓடு வரைக்கும் படர்ந்து, கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு கொத்திலும் தேனீ. இந்தக் கொடியை அவள் எத்தனையோ பங்களாக்களில் பார்த்திருக்கிறாள். துரைமார் வீட்டு அலங்காரம், இதில் படிக்க ஒன்றுமில்லை என்று வகுப்பில் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "கறுத்த கம்பிகள் காணுந்நு" என்றார் கடுமையாக.

"அது உங்க கண்ணிமை சார். கொஞ்சம் நீங்குங்க" என்று அவரை ஒதுக்கிவிட்டு, ஒரு காவலனிடம், "அந்தப் பூவில ஒரு கொத்துப் பறிச்சுத் தா மக்கா" என்றாள். டீச்சரின் குரலுக்கு அவன் பழக்கதோஷத்தில் கீழ்ப்படிந்தான். அந்தப் பூவின் பொடியைத் தடவி வைத்துப் பார்த்தாள். உருண்டை. மேலே வலை.

"கிட்டிப்போச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் வாசல் காவலன் துப்பாக்கியை நீட்டினான். சப்-இன்ஸ்பெக்டர் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஆனால் அவள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, தேனீயின் காலிலிருந்து வந்த பொடியையும் கொடியின் பொடியையும் மாற்றி மாற்றிக் காட்டி, தென்னைக்கு வந்து, பூசணியை முடித்து, மகரந்தச் சேர்க்கை பற்றித் தொடங்கினாள். ஒரு கட்டத்தில் அவர் எழுந்து, "டீச்சர் போகணும். தயவு செய்து போகணும்" என்று கையெடுத்தார்.

முகாமுக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். தடையுத்தரவு இருந்ததால் நான்கு நான்கு பேராகப் பிரிந்து, மரத்துக்கு மரம் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நின்றார்கள். ஜெயசிங்கின் கையில் மாலை. தமிழுக்காகச் சிறை புகுந்த வீராங்கனை என்று அவர் ஏற்கெனவே நோட்டீசுக்கு எழுதிவிட்டார். எதிர்ப்புறம் தேநீர்க்கடையில் மோகனனும் அவருடைய ஆட்களும்.

"எல்லைப் போராளி ராஜபாய் டீச்சர்..." என்று ஜெயசிங் தொடங்கினார்.

"நில்லும் ஓய்" என்றாள் டீச்சர். கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்குத் தலைக்கேறியிருந்தது. "எல்லாரும் கேளுங்க. இந்த மழையில நம்ம ஊரு ஈச்சக்குச் சோறு போட்டது தமிழனும் இல்ல, மலையாளியும் இல்ல. இந்தப் போலீசு முகாமாக்கும்!"

மாலை ஜெயசிங்கின் கையிலேயே தொங்கியது. தேநீர்க்கடையில் கைதட்டல் எழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீரு கைதட்டாண்டாம், மோகனன். உம்ம தோட்டத்துல தேடுனேன். முழுக்க மரச்சீனிக் கிழங்கு. ஒரு ஈச்சக்கு உக்கார எடமில்ல. ஒரு பூவு வைக்கத் தெரியாத நீங்க ரெண்டுபேரும் மண்ணு யாருக்குண்ணு சண்டை போடுதிய."

செல்லபாய் தங்கையின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் கிள்ளினாள்.

சாவு விழுந்த மாதத்தில் போலீஸ் முகாமைப் புகழ்ந்தாள் என்று ஊர் பேசியது. அந்த ஊர்ப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. அது டீச்சருக்குப் பிறகுதான் உறைத்தது. புதுக்கடைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளை வகுப்பில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டபோது, அன்று பாதியிலேயே பாடப்புத்தகத்தை மூடிவைத்தாள்.

பள்ளி நிர்வாகம் விளக்கம் கேட்டது. பூம்பொடியின் அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொடுத்தாள். நிர்வாகத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. ஆகவே திருப்தியடைந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அக்காளும் தங்கையும் சர்ச்சுக்குப் போயிருந்த காலையில், யாரோ கொல்லையில் புகுந்து இரண்டு பெட்டிகளை அடித்து நொறுக்கினார்கள். திரும்பி வந்தபோது அடைகள் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. புழுக்கள் வெள்ளை வெள்ளையாகச் சிதறியிருந்தன. ராணி ஒரு பலகைக்குக் கீழே நசுங்கியிருந்தது. உயிரோடிருந்த தேனீக்கள் மழையில் நனைந்து அந்தப் பலகையின் மேலேயே கூடி உட்கார்ந்திருந்தன. ராஜபாய் சேற்றில் அப்படியே உட்கார்ந்தாள். அவள் அழுது செல்லபாய் பார்த்தது அன்றுதான். பெரிய மனுஷிபோல அல்ல, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல அழுதாள். செல்லபாய் அவள் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழுதுகொண்டிருக்கையில் அவள் கையில் தேனீக்கள் கொட்டின. மறுநாள் வீக்கம் வற்றாமல் பாறசாலையில் ஒரு டாக்டரிடம் போனாள். அங்கே வெளிப் பெஞ்சில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கோடியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. மற்றவருக்குக் கண் இருந்த இடம் தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்துத்தான் முதலாமவர் ஜெயசிங் என்றும் இரண்டாமவர் மோகனன் என்றும் அடையாளம் கண்டாள்.

"என்ன ஆச்சு ஜெயசிங்?"

"பொன்னுக்கு வீங்கி" என்றார் உதட்டுக்குள்ளிருந்து.

"உமக்கு?"

"மில்லுல உமி தெறிச்சுது" என்றார் மோகனன்.

இருவரும் சேர்ந்து வந்தார்களா, தனித்தனியாக வந்து வேலியடியில் சந்தித்துக்கொண்டார்களா என்பது கடைசிவரைக்கும் தெரியவில்லை. எப்படியானாலும், அந்த ஆண்டுகளில் இரண்டு கட்சியும் ஒத்துப்போய்ச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ராஜபாய் ஜெயசிங்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கழுத்தைத் திருப்பி, நகத்தால் சுரண்டி, ஒரு கொடுக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "உமிக்காரரே, இஞ்ச வாரும்" என்று மோகனனையும் கூப்பிட்டாள். அவர் மறுகோடியிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து தலையைக் குனிந்தார். அவருடைய புருவத்திலிருந்தும் இரண்டு எடுத்தாள்.

"கொட்டின ஈச்ச செத்துப்போவும்" என்றாள். "ஒரு தடவை கொட்டினா அதுக்க உயிரு போச்சு. நீங்க பேசிப் பேசி ஊரைக் கொட்டுதிய, உங்களுக்கு ஒந்நும் ஆகமாட்டேங்குது."

மோகனன் பழையபடி பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார். ஜெயசிங் உள்ளங்கையிலிருந்த கொடுக்கைத் துடைத்துப்போட்டார்.

பிற்பாடு சப்-இன்ஸ்பெக்டரே கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியை உடைத்தது யார் என்று கேட்டார். காற்று என்றாள் டீச்சர். பேரைச் சொன்னால் அடி விழப்போவது இந்த இரண்டு பேருக்கும் அல்ல, இவர்கள் பின்னால் நின்ற கூலிக்காரப் பையன்களுக்கு என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தாறு நவம்பரில் கோடு விழுந்தது. களியக்காவிளை சென்னை ராஜ்யத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. பாறசாலையும் புன்னைவிளையும் கேரளமான இந்தப் பக்கமே நின்றன. ஜெயசிங் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போய்த் தமிழில் பத்திரம் எழுதினார். முன்போல வரும்படி இல்லை என்று ஆட்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். மோகனனின் மில்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நெல் வராமல் போனது. வெற்றி விழாவில் டீச்சரைப் பேசக் கூப்பிட்டார். அவள் போகவில்லை, இருமல் என்று செல்லபாய் போய்ச் சொல்லிவிட்டு, விழாவில் கொடுத்த இரண்டு லட்டையும் வாங்கிவந்தாள்.

பஞ்சகாலத்தில் தேனீக்கள் நாடுகிற பூக்களைப் பற்றி, அவற்றின் பொடியின் படங்களோடு, ராஜபாய் ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டிலுள்ள ஒரு தேனீப் பத்திரிகைக்கு அனுப்பினாள். நெடுநாள் கழித்து அது அச்சாகி வந்தது. அரைப்பக்கம். படங்களை நீக்கிவிட்டார்கள். கீழே எழுதியவர் பெயர்: திரு. ஆர். பாய்.

செல்லபாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏட்டி, கல்யாணம் கழியாதவளை ஆம்பிளையாக்கிப் போட்டானே" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ராஜபாய் அன்றைக்கே காகிதம் எடுத்து, தான் பெண் என்றும், படங்களில்லாமல் அந்தக் கட்டுரை குருடன் சொன்ன சினிமாக் கதை என்றும், ஆசிரியருக்குப் பூம்பொடியைப் பற்றிய அடிப்படை தெரியாது என்றும் கடுதாசி எழுதத் தொடங்கினாள். எழுத எழுத அவளுக்கு முகம் மலர்ந்தது. அடுக்களையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்ட குரல் இரண்டுமுறை வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.